37-வது காயும் 78-வது காயும்

"ஏஐ வந்துடுச்சு, நம்ம வேலை என்னாகும்?" ஐடி நண்பர்கள் கூடினாலே இந்தப் பேச்சுதான். எனக்கு 2016 மார்ச் மாதம் ஞாபகம் வரும்.

சோல் நகரில் கோ சாம்பியன் லீ செடோலும் கூகுள் டீப்மைண்டின் ஆல்பாகோவும் 5 ஆட்டங்கள் மோதினார்கள். கோ என்பது 19-க்கு 19 கோடுகள் உள்ள பலகையில் கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து இடம் பிடிக்கும் ஆட்டம்.

2-வது ஆட்டத்தில் ஆல்பாகோ வைத்த 37-வது காயைப் பார்த்து வர்ணனையாளர்களே 'தப்பா வச்சிருச்சோ' என்று குழம்பினார்கள். மனுஷன் அங்கே வைக்க 10,000-ல் ஒரு வாய்ப்புதான் என்று அதன் கணக்கே சொன்னது. இருந்தும் வைத்தது, ஜெயித்தது. மனிதர்களின் ஆட்டங்களைப் படித்ததோடு நிற்காமல், தன்னோடு தானே லட்சக்கணக்கில் ஆடிப் பழகியதன் பலன் அது.

4-வது ஆட்டத்தில் லீ வைத்த 78-வது காயில் ஆல்பாகோ தடுமாறித் தோற்றது. ஆனால் தொடர் 4-1 என முடிந்தது. 2019-ல் லீ ஓய்வு பெற்றார்.

கோ அழியவில்லை. இன்றைய வீரர்கள் இந்த மாதிரி மென்பொருளோடுதான் பயிற்சி எடுக்கிறார்கள்.

கோவில் விதி மாறாது. யார் ஜெயித்தார் என்பதும் தெளிவு. நம்ம ஆபீஸில் வாடிக்கையாளருக்கே என்ன வேண்டும் என்று பாதி நேரம் தெரியாது. என் வேலையில் எந்தப் பகுதி கோ பலகை மாதிரி இருக்கிறது என்று இப்போதே பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். அந்தப் பகுதியை இயந்திரத்திடம் விட்டுவிடலாம். மிச்சத்தில்தான் நாம் தேற வேண்டும்.