பரிசு கொடுக்கும் பள்ளி மாணவர்கள்!

பரிசு வாங்கும் மாணவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பெரிய எழுத்தாளர்களுக்குப் பரிசு கொடுக்கும் மாணவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா?

பிரான்சு நாட்டில் அப்படிப்பட்ட மாணவ-மாணவிகள் இருக்கிறார்கள். ஒருவர் இருவர் அல்ல. ஆண்டுதோறும் சுமார் 2 ஆயிரம் பேர்! எல்லோரும் 15 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்கள்.

புதிதாக வந்த நாவல்களை அவர்கள் படிக்கிறார்கள். "இது பிடித்தது, இது பிடிக்கவில்லை" என்று சொல்கிறார்கள். வாதாடுகிறார்கள். ஓட்டுப் போடுகிறார்கள். முடிவில் ஒரே ஒரு நாவலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை எழுதியவருக்குப் பரிசு!

பத்துப் பெரியவர்கள்

பிரான்சில் "கோன்கூர்" என்று ஒரு பரிசு உண்டு. நாவல் எழுதுகிறவர்களுக்கு அந்த நாட்டில் அது மிகப் பெரிய கவுரவம். எட்மண்ட் டி கோன்கூர் என்ற எழுத்தாளர், தன் சொத்தை இதற்காக எழுதி வைத்துவிட்டு 1896-ம் ஆண்டு காலமானார். 1903-ம் ஆண்டு முதல் பரிசு வழங்கப்பட்டு வருகிறது.

பரிசுக்கு உரியவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் 10 பேர். எல்லோரும் எழுத்துலகில் பழுத்த அனுபவசாலிகள். பாரீஸ் நகரில் ஓர் உணவு விடுதியில் கூடி, சாப்பிட்டபடி முடிவு செய்வது வழக்கம்.

பரிசுப் பணம் எவ்வளவு தெரியுமா? வெறும் 10 யூரோ! அந்த விடுதியில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட அது காணாது. ஆனால் பரிசு பெற்ற புத்தகம் லட்சக்கணக்கில் விற்பனை ஆகும்.

பிள்ளைகளைக் கேட்டால் என்ன?

1988-ம் ஆண்டு ஒரு புதிய யோசனை பிறந்தது.

"பெரியவர்கள் படித்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அதே நாவல்களைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தால் என்ன சொல்வார்கள்?"

பிரான்சின் மேற்கே உள்ள ரென் என்ற நகரில் இந்த முயற்சி தொடங்கியது. கல்வித் துறையும், "ஃபினாக்" என்ற புத்தகக் கடை நிறுவனமும் கைகோத்தன. "மாணவர்களின் கோன்கூர் பரிசு" என்று பெயர் வைத்தார்கள். அன்று தொடங்கியது இன்றும் நடக்கிறது.

எப்படி நடக்கிறது?

செப்டம்பர் மாதம் கோன்கூர் குழுவினர் முதல் பட்டியலை வெளியிடுவார்கள். அதில் சுமார் 15 நாவல்கள் இருக்கும். அவை அப்படியே 50-க்கும் மேற்பட்ட வகுப்புகளுக்குப் போய்ச் சேரும்.

"கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்திருப்பார்கள்" என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! இலக்கியம் படிக்கும் வகுப்பும் உண்டு. தொழிற்கல்வி படிக்கும் வகுப்பும் உண்டு. அதுவரை ஒரு நாவலைக்கூட முழுதாகப் படித்திராத பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு.

படிக்க இரண்டு மாதம் அவகாசம். பள்ளிப் பாடமும் ஒரு பக்கம் நடக்கும்.

இதற்கிடையே எழுத்தாளர்களே பல ஊர்களுக்கு வந்து மாணவர்களைச் சந்திப்பார்கள். "இந்தப் பாத்திரத்தை ஏன் சாகடித்தீர்கள்?" என்று நேருக்கு நேர் கேட்கலாம். எழுதியவர் பதில் சொல்லவேண்டும்.

பிறகு ஒவ்வொரு வகுப்பும் தனக்குப் பிடித்த 3 நாவல்களைத் தேர்ந்தெடுக்கும். வகுப்பின் சார்பில் பேச ஒரு பிரதிநிதியையும் தேர்ந்தெடுக்கும். பிரதிநிதிகள் வட்டார வாரியாகக் கூடி விவாதிப்பார்கள். அங்கே தேர்வானவர்கள் கடைசிக் கூட்டத்துக்குப் போவார்கள். அதில் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

ஓட்டுப் போடுவது மாணவர்கள் மட்டுமே. ஆசிரியருக்கு ஓட்டு இல்லை!

சிரிப்புக் கதையா கேட்டார்கள்?

"இந்த வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கதையும் வேடிக்கைக் கதையும்தான் பிடிக்கும்" என்று பெரியவர்கள் நினைப்பது உண்டு. இந்த மாணவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள்.

2018-ம் ஆண்டு அவர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு போர்க் கதை. எழுதியவர் டேவிட் தியோப். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டை போட்ட ஆப்பிரிக்க வீரர்கள் இருவர். கூடப் பிறக்காத சகோதரர்கள் போன்றவர்கள். ஒருவன் குற்றுயிராகக் கிடக்கிறான். "வலி தாங்கவில்லை, என்னைக் கொன்றுவிடு" என்று நண்பனிடம் கெஞ்சுகிறான். நண்பனுக்கு மனம் வரவில்லை. அவன் துடிதுடித்துச் சாகிறான்.

நண்பன் செய்தது சரியா, தவறா? அந்தக் கேள்வி அவனை விடாமல் துரத்துகிறது. படிக்கிறவர்களையும்தான்!

மூன்று ஆண்டு கழித்து, 2021-ல், இதே நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்குச் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகள் முன்பே கண்டுகொண்டதை உலகம் பிறகு ஒப்புக்கொண்டது!

2021-ம் ஆண்டு தேர்வானது கிளாரா துப்போன்-மோனோ எழுதிய நாவல். ஒரு மலைநாட்டுக் குடும்பம். அங்கே பிறக்கும் குழந்தைக்குக் கண் தெரியாது, நடக்கவும் வராது. அண்ணன் அந்தக் குழந்தையைத் தன் உயிராக நினைக்கிறான். அக்காளுக்கோ கோபம். "வீட்டில் எல்லோரும் அதையே கவனித்தால் என்னை யார் கவனிப்பது?" என்ற ஆத்திரம். கதையைச் சொல்வது யார் தெரியுமா? அந்த வீட்டுச் சுவரின் கற்கள்!

"பொறுமையாக இரு!"

எல்லாவற்றையும்விட உள்ளத்தைத் தொடுவது 2020-ம் ஆண்டின் தேர்வு.

எழுதியவர் ஜைலி அமடூ அமல் என்ற பெண்மணி. ஆப்பிரிக்காவில் உள்ள கேமரூன் நாட்டுக்காரர். 17 வயதில், அவர் விருப்பத்தைக் கேட்காமலே, வயதில் மிகவும் மூத்த ஒருவருக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் அவர் எழுத்தாளர் ஆனார்.

நாவலில் 3 பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி, 17 வயது ரம்லா. மருந்தியல் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவளை 50 வயதுப் பணக்காரருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்து விடுகிறார்கள். அவள் சகோதரி ஹிந்து என்ற பெண்ணை முரட்டு உறவினன் ஒருவனுக்குக் கட்டி வைக்கிறார்கள். மூன்றாவது பெண் சபிரா. ரம்லா போய்ச் சேர்ந்த வீட்டின் மூத்த தாரம்.

மூன்று பேரும் அழும்போது பெரியவர்கள் சொல்வது ஒரே புத்திமதி. "பொறுமையாக இரு!"

புத்தகம் முதலில் 2017-ல் கேமரூனில் வெளிவந்தது. 2020-ல் "பொறுமை இழந்த பெண்கள்" என்று பொருள்படும் புதுப் பெயருடன் பிரான்சில் வந்தது. கோன்கூர் பரிசுக்கான கடைசி 4 நாவல்களில் ஒன்றாக நின்றது.

அந்த ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பெரியவர்கள் வேறொரு நாவலுக்குப் பரிசு கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 2-ந் தேதி, மாணவர்களின் தீர்ப்பு வந்தது. அது ஜைலி அமலுக்கு!

ரம்லாவின் வயதுதான் அந்த மாணவிகளுக்கும். அவர்களுக்குப் படிப்பு இருந்தது. ஓட்டு இருந்தது. அந்த ஓட்டை அவளுக்குப் போட்டார்கள்.

பெரியவர்களும் மாணவர்களும் ஒரே நாவலைத் தேர்ந்தெடுத்த ஆண்டுகளும் உண்டு. 1988, 1995 ஆகிய ஆண்டுகளில் அப்படி நடந்தது. மற்றபடி பெரும்பாலும் இவர்கள் வழி தனி வழிதான்.

ரகசியம் என்ன?

பாடப்புத்தகக் கதை என்றாலே கொட்டாவி விடும் வயது இது. அந்த வயதில் 15 நாவல்களை எப்படிப் படிக்கிறார்கள்?

இரண்டு காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, நாவல்கள் எல்லாமே புத்தம் புதியவை. அவற்றுக்கு நோட்ஸ் கிடையாது. கேள்வி-பதில் புத்தகம் கிடையாது. ஆசிரியருக்கே அது புதுக் கதை. எனவே "சரியான விடை" என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிள்ளை தானே யோசித்தாக வேண்டும்.

இரண்டு, அவர்கள் சொல்லும் கருத்துக்கு மதிப்பு இருக்கிறது. சொன்னதும் காற்றோடு போவதில்லை. அது ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையையே மாற்றுகிறது. "என் வார்த்தைக்குப் பலன் உண்டு" என்று தெரிந்தால், யார்தான் பொறுப்போடு பேசமாட்டார்கள்?

நம் வீட்டில்...

இதற்குப் பாரீசும் வேண்டாம், பரிசும் வேண்டாம். உங்கள் மகனோ மகளோ ஒரு கதைப் புத்தகம் படித்திருந்தால், "இதிலிருந்து என்ன நீதி கற்றுக்கொண்டாய்?" என்று கேட்காதீர்கள். அது பரீட்சைக் கேள்வி.

"யார் மேல் உனக்குக் கோபம் வந்தது?" என்று கேளுங்கள். "நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். "பிடிக்கவில்லை" என்று சொன்னால் அதட்டாதீர்கள். "எந்த இடத்தில் பிடிக்காமல் போயிற்று?" என்று கேளுங்கள். காரணம் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள்.

முடிந்தால் அதே புத்தகத்தை நீங்களும் படியுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் குற்றம் இல்லை. பிரான்சில் ஆண்டுதோறும் அப்படித்தான் நடக்கிறது!

இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கேட்டுப் பாருங்களேன்.