பிக்கப் டிரக்கின் டயர் எவ்வளவு தாங்கும்?

ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 போன்ற அமெரிக்கக் கனரக பிக்கப் டிரக்குகளுக்கு டயர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எழுத்துகளை. ‘எல்டி 275/65 ஆர் 20, 126/123 எஸ், இ’ என்று இருந்தால், ‘எல்டி’ அது இலகு சரக்கு வாகன டயர் என்பதைச் சொல்கிறது. அடுத்து வருபவை அளவுகள். 126 என்பது பாரக் குறியெண். பட்டியலில் அதற்கு நேராக 1,700 கிலோ என்றிருக்கும். அச்சின் ஒவ்வொரு பக்கமும் இரட்டைச் சக்கரம் பூட்டினால் 123, அதாவது 1,550 கிலோ. ஒட்டியிருக்கும் இரண்டு டயர்களும் சுமையைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதில்லை என்பதால்தான் இந்தக் குறைப்பு. ‘எஸ்’ வேக வரம்பு: மணிக்கு 180 கி.மீ.

கடைசி எழுத்தான ‘இ’ தான் அதிகம் குழப்புகிறது. கடைக்காரர்கள் இதை ‘10 பிளை’ என்பார்கள். பருத்தி இழை அடுக்குகளை எண்ணிய காலத்துக் கணக்கு அது. இன்றைய டயரின் பக்கச் சுவரில் இரண்டோ மூன்றோ பாலியஸ்டர் அடுக்குகளே இருக்கும். எழுத்து உண்மையில் சொல்வது, டயர் எவ்வளவு காற்றழுத்தம் வரை தாங்கும் என்பதை. எல்டி 245/75 ஆர் 16 அளவில் ‘சி’ வகை 50 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சுமார் 1,000 கிலோ தாங்கும். ‘இ’ வகை 80 பிஎஸ்ஐயில் சுமார் 1,380 கிலோ. அதே ‘இ’ டயரில் காருக்கு அடிப்பதுபோல 35 பிஎஸ்ஐ மட்டும் அடித்தால் தாங்குவது ஏறக்குறைய 770 கிலோதான். சுமையைத் தூக்குவது காற்று. ரப்பரும் இழையும் அந்தக் காற்றை அடைத்து வைக்கின்றன.

தேவை எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பின் அச்சு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் ஒவ்வொரு அச்சுக்குமான எடை வரம்பும், ஆலை பூட்டிய டயரின் அளவும், காற்றழுத்தமும் இருக்கும். டிரெய்லர் இழுப்பவர்கள் அதோடு நின்றுவிடக் கூடாது. ஐந்தாம் சக்கர இணைப்பில் மாட்டும் 5,500 கிலோ டிரெய்லர், தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 1,100 கிலோவை, பெரும்பாலும் பின் அச்சின் தலையிலேயே வைக்கும். முழுச் சுமையோடு எடைமேடையில் ஏற்றி, அச்சு வாரியாக எடை பார்த்துவிடுவது நல்லது. ஊகம் இங்கே உதவாது.

தோற்றத்துக்காகப் பெரிய டயர் மாட்டும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். 35 அங்குல உயரமும் 12.5 அங்குல அகலமும் கொண்ட, 20 அங்குல ரிம்முக்கான ‘இ’ வகை டயர்களில் 121 குறியெண் சாதாரணம். உச்ச அழுத்தம் 65 பிஎஸ்ஐ, தாங்கும் எடை 1,450 கிலோ. முதலில் சொன்ன டயரைவிட ஆளும் பெரிது, எழுத்தும் அதே ‘இ’. ஆனால் டயருக்கு 250 கிலோ குறைவு. பின் அச்சின் வரம்பு 6,500 பவுண்டு, அதாவது 2,950 கிலோ என்று கொண்டால், இரண்டு டயரும் சேர்ந்து 2,900 கிலோவோடு நின்றுவிடும். இந்த அளவிலேயே ‘எஃப்’ வகையில் 125 குறியெண் கிடைக்கிறது. 80 பிஎஸ்ஐயில் 1,650 கிலோ தாங்கும். அந்த அழுத்தத்தை ரிம்மும் தாங்குமா என்று பார்த்துவிட வேண்டும். கார் டயர் வகைகளைப் பிக்கப்பில் பூட்டினால், அவற்றின் எடை அளவை 1.1 ஆல் வகுத்தே கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. கனரக பிக்கப்புக்கு அவை எப்படியும் போதாது.

சுமைக்கேற்ற காற்று இல்லாத டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அதில் பிறக்கும் வெப்பம் அடுக்குகளின் ஒட்டுப் பிடியைக் குலைக்க, நெடுஞ்சாலை வேகத்தில் மேல்பட்டை உரிந்துபோகலாம். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றபோது, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரருக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த 26 பிஎஸ்ஐ குறைவா என்பது பெரும் சர்ச்சையானது. அதே ஆண்டு வந்த சட்டத்தின் வழியே காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. அதுவும் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டுக்கு (4,536 கிலோ) உட்பட்ட வாகனங்களுக்கு மட்டுமே. பெரிய பிக்கப்புகள் பல அந்த வரம்பைத் தாண்டியவை. கருவி இல்லாத வண்டியில் காற்றுமானிதான் துணை; டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

வண்டி காலியாக ஓடும்போது 80 பிஎஸ்ஐ தேவையில்லை. பின்புறம் துள்ளும், ஈரச் சாலையில் பிடி குறையும், டயரின் நடுப்பகுதி சீக்கிரம் தேயும். உற்பத்தியாளரின் பார அட்டவணையைப் பார்த்துக் குறைக்கலாம். டிரெய்லரை மாட்டுவதற்கு முன் மீண்டும் ஏற்றிவிட வேண்டும்.