பாட்டும் வாசிப்பும்

மொழியின் வரலாற்றில் ஒலி முந்தியது, எழுத்துப் பிந்தியது. குழந்தையின் வளர்ச்சியிலும் இம்முறையே காணப்படுகின்றது. ஏட்டைத் தொடுதற்கு முன்னரே குழந்தை தாலாட்டுக் கேட்டுத் துயில்கின்றது. கை கொட்டி ஆடுகின்றது. அங்ஙனமிருந்தும், முதலாம் வகுப்பில் ஓசையை ஒதுக்கிவைத்து எழுத்தின் வடிவத்தை மட்டும் காட்டிக் கற்பிப்பார் சிலர். பாடத்தை இராகத்தோடு ஒப்புவிக்கச் செய்து, அவ்வொப்புவித்தலையே வாசிப்பென மயங்குவார் வேறு சிலர். இவ்விரு நெறிகளுக்கும் இடைப்பட்டதொரு நெறி உண்டு. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திம்புள்ளப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே வளரும் பிள்ளைகட்கு இசைச் செல்வம் குறைவன்று. தாலாட்டும், கும்மியும், கோலாட்டமும், மாசி மாதத்துக் காமன் கூத்தும், தப்பின் முழக்கமும் அவர்தம் செவிக்குப் பழக்கமானவை. 1914ஆம் ஆண்டில் மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் இம்மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தமை யாவரும் அறிந்ததே. ஆயின் எழுத்துச் செல்வம் இங்குத் தாமதித்தே வந்தது. இலவசக் கல்வி 1945இல் நாட்டுக்குக் கிட்டியபோதும், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பரவலாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலேயாம். புத்தகமில்லாத வீடு இன்றும் உண்டு. பாட்டில்லாத வீடு அரிது. ஆதலின், உள்ளதைக் கொண்டு இல்லாததை ஈட்டுதலே அறிவுடைமை.

இசை வாசிப்புக்கு எங்ஙனம் துணையாகும்? தமிழெழுத்தின் இயல்பே இதற்கு விடை கூறும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது இலக்கண விதி. கண்ணிமைப்பும் கைந்நொடியுமே மாத்திரைக்கு அளவெனத் தொல்காப்பியம் வகுத்தது. காலத்தை அளப்பது தாளம். எழுத்தொலியை அளப்பது மாத்திரை. இரண்டும் ஓரினத்தன. கல், கால், விடு, வீடு, எடு, ஏடு என்னுமிவற்றைப் பிள்ளைகள் மாறி வாசிப்பதற்குக் காரணம் கண்ணின் குறை மட்டுமன்று, குறுமையும் நெடுமையும் செவியில் நன்கு பதியாமையுமாகும். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு ஒரு தட்டும் ஒரு வீச்சும் எனப் பாடிப் பழகிய பிள்ளை அவ்வேறுபாட்டைக் கையாலும் உணர்கின்றது. ‘கெ’, ‘கே’, ‘கை’ முதலியவற்றிற் கண்ணுக்கு முதலில் தோன்றும் குறி, செவிக்குப் பின்னரே ஒலிக்கின்றது. மெல்ல நீட்டிப் பாடி, எழுத்தை முழுதாகச் சுட்டிக் காட்டினால் அம்மயக்கமும் குறையும்.

மேனாட்டாராய்ச்சியும் இக்கருத்துக்கு அரணாகின்றது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து அறிஞர்களாகிய பிராட்லியும் பிறையன்றும் 1983ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது இசையை அன்று. நம் எதுகை மோனையை ஒத்த ஒலியியைபையே. ஒலி ஒத்த சொற்களை இனம்பிரிக்கப் பழகிய சிறுவர் வாசிப்பில் முன்னேறினர். அப்பயிற்சியோடு, அவ்வொலிகளுக்குரிய எழுத்துருக்களையும் கையாற் கூட்டிப் பழகியோரே அவருள்ளும் சிறந்து நின்றனர். ஒலி மட்டும் போதாது. ஒலி எழுத்தோடு கூடல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் உண்மை. நம் திண்ணைப் பள்ளிகளில் எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதினர். செவியும் நாவும் கையும் கண்ணும் அங்கு ஒருங்கே தொழிற்பட்டன.

இனி வகுப்பறையிற் செய்யத்தக்க முறையைக் கூறுவாம். முதலாவது, பிள்ளைகள் அறிந்த நான்கடிப் பாட்டொன்றைத் தெரிந்து, தாளமிட்டுப் பாடுவித்தல். இரண்டாவது, அதனைக் கரும்பலகையிற் பெரிதாக எழுதிப் பாடுந்தோறும் சொல்லின்கீழ் விரல் நகர்த்துவித்தல். மூன்றாவது, ஒத்த ஓசையுடைய சொற்களைத் தேடி வட்டமிடுவித்தல். நான்காவது, ஒரு சொல்லை அழித்து அதனிடத்து வேறொரு சொல்லை எழுதிப் பாடுவித்தல். ஐந்தாவது, அச்சொற்களை அட்டைகளில் எழுதி, முறை மாற்றி, பாட்டின்றியே வாசிப்பித்தல். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். விலைமிக்க வாத்தியம் எதுவும் வேண்டியதில்லை; இரு கைகளே தாளக் கருவியாம்.

ஐந்தாம் படியே இம்முறைக்கு உரைகல். பாட்டு முழுவதையும் பிழையின்றிப் பாடும் பிள்ளை, அதிலுள்ள ஒரு சொல்லைத் தனியே காட்டியவழித் திகைத்து நிற்குமாயின், அது மனனஞ் செய்ததேயன்றி வாசித்ததன்று. இதனைக் கண்டறியாது மேல்வகுப்புக்கு அனுப்பினால், நினைவாற்றலுள்ள பிள்ளையின் குறையே நெடுங்காலம் மறைந்து கிடக்கும். கணிதமும் சுற்றாடற் பாடமும் நூலைக் கொண்டே கற்கவேண்டிய நாளில் அக்குறை வெளிப்படும்; அப்போது குற்றம் பிள்ளைமேற் சுமத்தப்படும். இவ்வநீதியைத் தடுத்தல் முதலாம் வகுப்பாசிரியர் கையிலேயே உள்ளது.

பாட்டு ஆற்றைக் கடக்கும் ஓடம் போன்றது. ஓடமின்றி நீரில் இறங்குவதும் தகாது. கரையடைந்த பின்னும் ஓடத்திலேயே அமர்ந்திருப்பதும் தகாது. பிள்ளை இறங்கி நடத்தல் வேண்டும். அங்ஙனம் நடக்குமாறு கைகொடுத்தலே நங்கடனாகும்.