ஓர் எழுத்து பிசகிய மரபணு

மூளைப் புற்றுநோய் என்றதும் செல்போன் கோபுரத்தைக் கைகாட்டுகிறவர்கள் நம்மிடையே உண்டு. 2008இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் தேடிய இடம் வேறு. கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய கட்டிகள் 22ஐ எடுத்து, ஒவ்வொன்றிலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். புற்றுநோய் ஆய்வாளர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஐ.டி.எச்.1 என்ற மரபணு அதில் சிக்கியது. அதிலும் முக்கியமாக, இளவயதினரின் கட்டிகளில்.

இந்த மரபணு உண்டாக்கும் நொதி, ஐசோசிட்ரேட்டை ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டாக மாற்றித் தரும். செல்லின் அன்றாட வேலைதான். கட்டிகளிலோ நொதியின் 132ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் பெரும்பாலும் ஹிஸ்டிடின் இருந்தது. டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து பிசகியதால் வந்தது இது. பெற்றோர் கொடுத்த பிழையும் அல்ல. வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் நேர்ந்தது. 'எங்கள் பரம்பரையிலேயே யாருக்கும் இல்லையே' என்று மருத்துவரிடம் மன்றாடுவோருக்கு இதுதான் பதில்.

பிசகிய நொதி வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அது புது வேலை ஒன்றைத் தொடங்கிவிடுகிறது என்பது 2009இல் தெரியவந்தது. ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டையே எடுத்து 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் ஆக்குகிறது. இரண்டுக்கும் உருவம் ஏறக்குறைய ஒன்று. டி.என்.ஏ. மீதுள்ள மெத்தில் குறிகளை நீக்கும் நொதிகள் முதலாவதைக் கொண்டுதான் இயங்கும். அந்த இடத்தில் இரண்டாவது போய், துவாரத்தில் சிக்கிய தவறான சாவியாக அடைத்துக்கொள்கிறது. குறிகள் குவியக் குவிய, செல் முதிர்வதற்கான மரபணுக்கள் முடங்குகின்றன. முதிராத செல் பெருகிக்கொண்டே போகிறது.

நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரிந்த கட்டிகள் உண்மையில் இரு வேறு நோய்கள் என்பதும் இதனால் தெளிந்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, ஐ.டி.எச். மாற்றம் இருந்தால் அந்தக் கட்டியின் பெயர் கிளையோபிளாஸ்டோமாவே அல்ல. எந்த நோயில் கண்டுபிடித்தார்களோ, அந்த நோயின் வரையறையிலிருந்தே மாற்றத்தை வெளியேற்றிவிட்டார்கள்! பெயர்ச்சண்டை அல்ல இது. மாற்றமுள்ள கட்டிகள் மெல்ல வளர்பவை. நோயாளிகள் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள்.

பிசகிய நொதியைத் தடுக்கும் வோராசிடெனிப் மாத்திரைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. இரண்டாம் நிலைக் கட்டியை அறுவை செய்துகொண்டவர்களில், நோய் முற்றாமல் இருந்த காலம் வெற்று மாத்திரை உண்டோரிடம் 11.1 மாதம்; இதை உண்டோரிடம் 27.7 மாதம். நோயைத் தீர்ப்பதாக யாரும் சொல்லவில்லை. முதியோரை அதிகம் தாக்கும் அசல் கிளையோபிளாஸ்டோமாவுக்கு இது உதவவும் உதவாது. அங்கே இந்த நொதியில் பழுதே இல்லை.