வானிலிருந்து வரும் தமிழ்

பிழைப்பை நாடித் தில்லிக்கும் மும்பைக்கும் கல்கத்தாவுக்கும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் முதியோர்க்கு ஒரு பெருங்குறை உண்டு. மகனும் மருமகளும் அலுவலகம் சென்று, பேரனும் பள்ளி சென்றபின், மாலை வரை அவர்கள் செவியில் ஒரு தமிழ்ச் சொல் விழுவதில்லை. கட்டணச் சேவைகளில் தமிழ் அலைவரிசைகள் பல இருப்பினும், மாதந்தோறும் பணம் செலுத்துதல் எல்லார்க்கும் இயல்வதன்று. கட்டணமின்றியே தமிழ்த் தொலைக்காட்சியை இல்லத்தில் பெற வழி உண்டா? உண்டு. அவ்வழியை இங்கே காண்போம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-இல் தில்லியில் தொடங்கியது. சென்னைக்கு 1975-இல் வந்தது. அந்நாளில் கோபுரத்திலிருந்து பரவும் அலைகளைக் கூரைமேல் நின்ற மீன்முள் போன்ற ஏரியல் பற்றித் தந்தது. அப்பழைய முறைக் கோபுரங்களுள் பெரும்பாலானவை 2021-ஆம் ஆண்டு முடிவதற்குள் நிறுத்தப்பட்டுவிட்டன. ஆகவே பரணில் கிடக்கும் பழைய ஏரியலை எடுத்துக் கட்டுவதால் பயன் விளையாது.

கோபுரங்கள் வழியே டிஜிட்டல் ஒளிபரப்பு 2016-இல் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தொடங்கப்பெற்றது. எனினும் கோபுரத்து அலை சில பத்துக் கிலோமீட்டர் எல்லைக்கு உட்பட்டது. சென்னைக் கோபுரத்தின் தமிழ் தில்லியை எட்டாது. நாடு முழுவதையும் ஒருங்கே தழுவ வேண்டுமாயின், கோபுரம் வானத்திலேயே இருத்தல் வேண்டும். அக்கோபுரமே செயற்கைக்கோள்.

தூர்தர்ஷன் 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய இலவசச் சேவை இன்று ‘டிடி ஃப்ரீ டிஷ்’ எனப்படுகிறது. 2015-இல் ஏவப்பட்ட ஜிசாட்-15 என்னும் செயற்கைக்கோள் இதனைத் தாங்குகிறது. நிலநடுக்கோட்டிற்கு நேர்மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் அது நிற்கிறது. பூமி சுழலும் வேகத்திலேயே அதுவும் சுற்றிவருவதால், நம் கண்ணுக்கு அசையாது நிற்பது போலாம். ஆதலின் தட்டினை ஒருமுறை அதன் திசையில் நிறுத்திவிட்டால் போதும். பொதிகை என்று வழங்கி, 2024-இல் புதுப்பெயர் பூண்ட ‘டிடி தமிழ்’ இச்சேவையில் உண்டு. இதில் இந்தி அலைவரிசைகளே மிகுதி என்பதையும் முன்னரே அறிந்துகொள்ளுதல் நன்று.

வேண்டும் பொருள்கள் நான்கு: சுமார் 60 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு, அதன் முன் பொருத்தும் எல்.என்.பி. என்னும் சிறு கருவி, கம்பி, செட் டாப் பெட்டி. இச்சேவையின் அலைவரிசைகள் எம்பெக்-2, எம்பெக்-4 என இரு முறைகளில் வருகின்றன. எம்பெக்-4 பெட்டி இரண்டையும் ஏற்கும். எனவே அதையே கேட்டு வாங்குக. செலவு இந்த ஒருமுறைதான். மாதந்தோறும் சந்தா செலுத்தச் சொல்வாராயின், அவர் தருவது வேறு சேவை என்று உணர்க.

இனி, திசை. செயற்கைக்கோள் நமக்குத் தென்கிழக்கில் உள்ளது. தில்லியில் நேர்தெற்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 31 பாகை திரும்பி, 52 பாகை உயர நோக்க வேண்டும். மும்பையில் கிழக்காக 49 பாகை, உயரம் 57 பாகை. கல்கத்தாவிலோ ஏறக்குறைய நேர்தெற்கே. கிழக்காக 13 பாகைதான், உயரம் 63. தட்டு பார்வைக்கு நிமிர்ந்து நிற்பது கண்டு ஐயுற வேண்டா. எல்.என்.பி. நடுவில் அமையாமல் கீழே தள்ளி அமைந்திருப்பதால், தட்டு நோக்கும் திசை அதன் தோற்றத்தினும் உயரமானது.

அடுக்குமாடியில் வாழ்வோர் இங்கே கருத வேண்டியது ஒன்று. வடக்கு நோக்கிய மாடத்தில் தட்டு பயன்படாது. மொட்டைமாடியில் இடம் கேட்டுப் பெறவேண்டும். எதிரே மரமோ கட்டடமோ மறைக்கலாகாது. வேனிலில் இலையுதிர்ந்து நின்ற மரம் மழைக்காலத்தில் தழைத்து மறைப்பதும் உண்டு.

பெட்டியின் பட்டியலில் அலையின் வலிமை, தரம் என இரு அளவுகள் திரையில் தோன்றும். தட்டினை மெல்ல மெல்ல நகர்த்தித் தரம் மிகுமிடத்தில் திருகாணியை இறுக்குக. பின்னர் அலைவரிசைகளைத் தேடும்படி பெட்டியைப் பணித்தால் எல்லாம் வரிசையாக வந்து பதியும். இடையிடையே வரிசை எண்கள் மாறுவதுண்டு. வழக்கமான எண்ணில் டிடி தமிழ் காணப்படாவிடில், மீண்டும் ஒருமுறை தேடச் செய்க.

பழைய முறையில் அலை நலிந்தால் படத்தில் புள்ளிகள் மிகும். ஆயினும் படம் தெரியும். டிஜிட்டல் முறையில் படம் தெளிவாக வரும், அன்றேல் கட்டங்கட்டமாய்ச் சிதறி நின்றுவிடும். கனமழையில் அலையை நீர்த்துளிகள் உறிஞ்சுவதால் படம் மறையலாம். மழை தணிந்ததும் தானே மீளும். மழையில்லா நாளிலும் மறையுமாயின், காற்றில் தட்டு அசைந்ததா, கம்பியின் இணைப்பில் நீர் புகுந்ததா என்று பார்க்க வேண்டும்.

ஓர் அலைவரிசை ஒரு மொழியைக் காத்துவிடும் என்று கூறுதற்கில்லை. ஆயினும், நடுப்பகலில் பாட்டி கேட்கும் தமிழ்ச் செய்தி மாலையில் பேரனோடு பேசும் பேச்சுக்குப் பொருளாகும். வேற்று மாநிலத்தில் வளரும் குழந்தைக்கு அப்பேச்சே முதற்பாடம்.