புதுக் கருவிக்குப் பெயர் வைக்கப் போகிறீர்களா? தமிழ்ப்பள்ளிப் பாடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்

ஜார்ஜ்டவுன் - பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அன்று முதல் பினாங்கிலும் செபராங் பிறையிலும் வாழும் நம் குடும்பங்களில் அத்தை, அக்கா, அண்ணன் என்று யாராவது ஒருவர் அங்கே 'ஃபேக்டரி வேலை' பார்த்திருப்பார். தோட்டத்திலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் போனவர்கள், உலகம் கையில் பிடித்துப் பயன்படுத்திய எத்தனையோ கருவிகளைப் பூட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கருவிகளின் முகப்பில் இருந்த பெயர்களில் ஒன்றுகூட நாம் வைத்ததல்ல.

இன்று பாலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் மின்னியல் படிக்கும் நம் பிள்ளைகள், கையடக்கக் கருவிகளைச் சொந்தமாகவே செய்து பார்க்கிறார்கள். மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவி, வீட்டில் தனியாக இருக்கும் முதியவர் விழுந்துவிட்டால் மகனுக்குச் செய்தி அனுப்பும் கருவி என்று யோசனைகளுக்குக் குறைவில்லை. ஆனால், கருவிக்கு ஆறு மாதம் செலவிடுபவர்கள் அதன் பெயருக்கு ஒரு மாலைப் பொழுதைக்கூட ஒதுக்குவதில்லை. பெட்டி அச்சடிக்கும் நேரத்தில் அவசரமாக ஒன்றை வைத்துவிடுகிறார்கள்.

அந்த அவசரத்தால் பெரிய நிறுவனங்களே அடிபட்டிருக்கின்றன. 1996-இல் அமெரிக்காவில் 'பைலட்' என்ற கையடக்கக் கணினி வெளிவந்தது. சட்டைப் பையில் அடங்கும் அந்தக் கருவிக்கு நல்ல வரவேற்பு. ஆனால் 'பைலட்' என்பது நாம் பள்ளியில் எழுதிய பேனாவின் பெயர். பேனா நிறுவனம் சட்ட நடவடிக்கையில் இறங்கியது. 1998-இல் வந்த கருவி 'பாம் 3' என்ற பெயரோடு மட்டும் வந்தது, 'பைலட்' போய்விட்டது. மக்கள் வாயில் பழகிய பெயரை இரண்டே ஆண்டுகளில் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இடுகுறியா, காரணமா?

பெயர் வைப்பதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதை நாம் தமிழ்ப்பள்ளியிலேயே படித்துவிட்டோம். நன்னூல் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று பிரிக்கிறது. மரம், மண், காற்று ஆகியவை இடுகுறிப்பெயர்கள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்டால் விடை கிடையாது. நாற்காலி, கரும்பலகை ஆகியவை காரணப்பெயர்கள். பொருளின் தன்மையே பெயராகி நிற்கிறது.

கைக்கருவிகளின் பெயர்களும் இந்த இரண்டுக்குள் அடங்குகின்றன. பினாங்கில் பலர் வேலை செய்த மோட்டோரோலாவையே எடுத்துக்கொள்வோம். 1940-களில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அந்நிறுவனம் ஒரே கையில் பிடித்துப் பேசும் வானொலிக் கருவியை உருவாக்கி 'ஹேண்டி-டாக்கி' என்று பெயரிட்டது. கையில் பிடித்துப் பேசுவது. இன்று நாம் சொல்லும் 'கைப்பேசி'யும் ஏறக்குறைய அதே பொருள்தான். இது காரணப்பெயர்.

'மோட்டோரோலா' என்ற பெயர் வேறு வகை. நிறுவனத்தைத் தொடங்கிய பால் கால்வின், தாம் விற்ற கார் வானொலிக்கு 1930-இல் வைத்த பெயர் அது. 'மோட்டார்' என்ற சொல்லோடு, அக்காலத்து ஒலிக்கருவிகளின் பெயர்களில் வழங்கிய 'ஓலா' என்ற ஈற்றைச் சேர்த்தார். காரணம் பாதி, இடுகுறி பாதி. 1947-இல் நிறுவனமே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

இதில் எது நல்லது? காரணப்பெயர் மக்களுக்கு உடனே புரியும். விளம்பரச் செலவு குறையும். ஆனால் சட்டம் இடுகுறியின் பக்கம்தான் சாய்கிறது. மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டப்படி, பொருளின் தன்மையை மட்டுமே விவரிக்கும் சொல்லைப் பொதுவாக ஒருவர் தமக்கென்று பதிந்துகொள்ள முடியாது. 'கைப்பேசி' என்று பெயர் வைத்துவிட்டு, வேறு யாரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்று கேட்க முடியுமா? நாற்காலி செய்பவர் 'நாற்காலி' என்ற சொல்லுக்கு உரிமை கொண்டாடுவது போலாகிவிடும். ஆனால் கணினிக்கு 'ஆப்பிள்' என்று வைத்தால் உரிமை கிடைக்கும். கணினிக்கும் பழத்துக்கும் தொடர்பில்லை.

ஆகவே, பொருளை நினைவூட்டவும் வேண்டும், அப்படியே விவரித்துவிடவும் கூடாது. இந்த இடைவெளியில்தான் நல்ல பெயர்கள் கிடைக்கின்றன.

'செல்லினம்' சொல்லித் தரும் பாடம்

அப்படி ஒரு பெயர் நம் நாட்டுத் தமிழரிடமிருந்தே வந்திருக்கிறது. மலேசியக் கணினி வல்லுநர் முத்து நெடுமாறன், கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப உருவாக்கிய செயலி 2005-ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று சிங்கப்பூரில் அறிமுகமானது. அதன் பெயர் 'செல்லினம்'. அது கருவி அல்ல, கைக்கருவிக்குள் வாழும் மென்பொருள். இருந்தாலும் பெயர் வைக்கும் பாடம் ஒன்றுதான்.

பெயரைப் பிரித்துப் பாருங்கள். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று நாம் மனப்பாடம் செய்த வரிசையில் நான்காவதாக வந்து உட்கார்வது போல ஒலிக்கிறது. 'செல்' என்பதில் செல்பேசி இருக்கிறது. தமிழில் 'செல்' என்றால் 'போ' என்றும் பொருள். அனுப்பினால் செல்வதுதானே செய்தி! தமிழ் படித்தவருக்கு இலக்கணம் நினைவுக்கு வரும், படிக்காதவருக்குச் செல்பேசி நினைவுக்கு வரும். அதற்கு முன் எந்த அகராதியிலும் இல்லாத சொல் என்பதால், இன்னொருவர் பொருளோடு குழம்பவும் வழியில்லை.

மூன்று வாய்களில் சோதனை

பினாங்கில் விற்கும் பொருளின் பெயரை மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் சொல்வார்கள். தமிழில் அழகாக இருப்பது பக்கத்து மொழியில் வம்பாகிவிடலாம்.

'மதி' என்று வைக்கத் தோன்றும். அறிவு, நிலவு என்று இரண்டு நல்ல பொருள்கள். ஆனால் மலாய் காதுக்கு அது 'மாத்தி' என்ற சொல்லுக்கு மிக அருகில் ஒலிக்கும். மாத்தி என்றால் சாவு. மின்கலன் தீர்ந்து கருவி அணைந்துபோனாலும் அதே சொல்தான். முதியவரைக் காக்கும் கருவிக்கு அப்படி ஒரு பெயர் வேண்டாம். எண்களிலும் கவனம் தேவை. நம் ஊர்க் கட்டடங்கள் பலவற்றில் நான்காம் மாடிக்கு '3ஏ' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சீன மொழிகளில் நான்கைக் குறிக்கும் சொல் சாவைக் குறிக்கும் சொல்லை ஒத்து ஒலிப்பதே காரணம்.

அடுத்தது 'ழ'. நமக்குப் பெருமையான எழுத்துதான். ஆனால் ரோமன் எழுத்தில் எழுதினால் மற்றவர்கள் அதை 'ஸ' போலச் சொல்வார்கள். கடைக்காரரால் சொல்ல முடியாத பெயரை வாங்க வருபவரும் கேட்க மாட்டார்.

சின்னம் கட்டை விரல் நகத்தில் தெரிய வேண்டும்

பெயருக்குப் பிறகு சின்னம். கைக்கருவியில் அதற்குக் கிடைக்கும் இடம் கட்டை விரல் நகம் அளவுதான். சில நேரங்களில் வண்ணமே இருக்காது. பிளாஸ்டிக்கில் மேடாகவோ பள்ளமாகவோ மட்டும் வரும். பாலைமரத்தையும் கொம்தாரையும் உதயசூரியனையும் ஒன்றாகத் திணித்தால், அந்த அளவில் ஒரு கறைதான் மிஞ்சும்.

மோட்டோரோலாவின் சின்னத்தைப் பாருங்கள். 1955-இல் மோர்டன் கோல்ட்ஷால் வடிவமைத்தது. வட்டத்துக்குள் இரண்டு கூர் முனைகள். அதுவே 'எம்' எழுத்து. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாக்குப்பிடித்திருக்கிறது.

புளூடூத் சின்னமும் அப்படித்தான். கருவிகளைக் கம்பியின்றி இணைக்கும் அந்தத் தொழில்நுட்பத்துக்கு, 10-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் புளூடூத் மன்னரின் பெயரை 1997-இல் முன்மொழிந்தவர் இண்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக். முதலில் அது தற்காலிகப் பெயர்தான். நிரந்தரமாக வைக்க நினைத்த பெயர்கள் வர்த்தக முத்திரைத் தேடலில் தடுமாறியதால் இதுவே நிலைத்துவிட்டது. மன்னர் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் பழைய ரூனிக் எழுத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்ததே அந்தச் சின்னம். ஒரு பழைய எழுத்துமுறை இன்று உலகத்தின் எல்லாக் கைப்பேசிகளிலும் இருக்கிறது. தமிழ் எழுத்தால் மட்டும் முடியாதா என்ன?

முடியும். ஆனால் எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறிய அளவில் 'ண', 'இ' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். 'ப', 'ட' போன்ற நேர்கோட்டு எழுத்துகள் தாங்கும்.

பதிவுக்கு முன் கவனிக்க வேண்டியவை

* எஸ்எஸ்எம்-இல் தொழிலைப் பதிந்துவிட்டால் பெயர் நமக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வர்த்தக முத்திரைப் பதிவு தனி. அதற்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம் மைஐபோ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகம்.

* விண்ணப்பிக்கும் முன் மைஐபோவின் இணையத் தேடலில் பெயரைத் தேடுங்கள். ஒரே எழுத்துக்கூட்டல் மட்டுமல்ல, ஒலி ஒத்த பெயர்களையும் பாருங்கள்.

* மின்னணுக் கருவிகள் 9-ஆம் வகுப்பில் அடங்கும்.

* தமிழ் எழுத்தில் உள்ள சின்னத்துக்கு அதன் ஒலிபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் கொடுக்க வேண்டும்.

* விண்ணப்பம் ஏற்கப்பட்டு அறிவிக்கப்பட்ட பின் மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க இரண்டு மாதம் அவகாசம் உண்டு. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

* 2019 டிசம்பர் 27 முதல் மலேசியா மாட்ரிட் ஒப்பந்தத்தில் இருக்கிறது. சிங்கப்பூர், இந்தியா போன்ற உறுப்பு நாடுகளில் பாதுகாப்புக் கோர, இங்கிருந்தே ஒரே விண்ணப்பம் செய்யலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன், செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. குழந்தைக்குப் பெயர் சூட்டும்போது அதன் காதில் மூன்று முறை சொல்வோம். கருவியின் பெயரையும் வீட்டில் இருக்கும் பாட்டியிடம் மூன்று முறை சொல்லுங்கள். மறுநாள் காலையில் அவர் அதைத் திருப்பிச் சொன்னால், மைஐபோவுக்கு விண்ணப்பம் அனுப்பலாம். அவருக்கு மறந்துபோயிருந்தால், இன்னொரு மாலைப் பொழுதை ஒதுக்கிவிடுங்கள்.