பசித்த காலத்தை மறவாத சரீரம்

வன்னியின் கிராமப்புற வைத்தியசாலைகளில் சலரோக கிளினிக் நடைபெறும் நாட்களில், வெறும் வயிற்றோடு விடியற்காலையிலேயே வந்து, நம்பர்த் துண்டு எடுத்துக்கொண்டு வாங்குகளில் அமர்ந்திருக்கும் தாய்மாரை நோக்கினால், சலரோகம் என்பது உண்டு கொழுத்த செல்வந்தரின் வியாதி என்று முன்னோர் கொண்டிருந்த எண்ணம் உடனே கலைந்துபோகும். கைகால்கள் மெலிந்து, வயிறு மட்டும் சற்றே முன்தள்ளி, ஆயுளில் ஒரு பாதியை இடப்பெயர்விலும் மறுபாதியைக் கூலி வேலையிலும் கழித்தவர்கள் அவர்களில் அநேகர். “குறைச்சுத்தான் சாப்பிடுறன் டொக்டர், ஆனா பசி அடங்குதில்லை” என்று அவர்கள் முறையிட்டால், “வாயைக் கட்டுங்கோ அம்மா” என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கிறது. அதில் உண்மை உண்டு. ஆயினும் அது பாதி உண்மைதான். பசி எங்கே பிறக்கிறது, எதன் கட்டளைக்கு அது அடங்குகிறது என்று கடந்த முப்பது வருஷங்களில் விஞ்ஞானிகள் கண்டறிந்தவற்றை உணர்ந்தோமானால், பட்டினி கண்ட ஒரு ஜனசமூகத்தின் உடம்பைப் பற்றி நாம் பேசும் விதமே மாறவேண்டியிருக்கும்.

பசியின் ஆசனம்

மூளையின் அடித்தளத்தில் ஹைப்போதலமஸ் என்றொரு பகுதி உண்டு. சில கிராம் எடையே உள்ள அவ்விடத்தில், ஒன்றுக்கொன்று எதிரான இரு நரம்புக் கூட்டங்கள், ஒன்று ‘உண்’ என்றும் மற்றது ‘போதும்’ என்றும் ஓயாது ஏவிக்கொண்டிருக்கின்றன. இவ்விரண்டில் எது ஓங்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பவை இரத்தத்தின் வழியே வந்து சேரும் ஹோமோன்கள். 1994ஆம் ஆண்டின் இறுதியில், நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்த லெப்டின் இவற்றுள் தலையாயது. அது கொழுப்புத் திசுவிலேயே சுரப்பது. கொழுப்பு மிகுந்தால் மிகும், குறைந்தால் குறையும். வீட்டில் எத்தனை மூட்டை நெல் மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக் காலபோகம் வரைக்கும் செலவைத் திட்டமிடும் கமக்காரனைப் போல, மூளையும் லெப்டினின் அளவைக் கொண்டே உடம்பின் சேமிப்பைக் கணக்கிடுகிறது.

வெறும் இரைப்பையிலிருந்து பசியைத் தூண்டும் கிரெலின், 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான கொஜிமாவும் கங்காவாவும் கண்டது. உணவு குடலை அடைந்ததும் சுரந்து நிறைவை உணர்த்தும் ஹோமோன்கள் வேறு சில உண்டு.

இரு குழந்தைகள்

இவை புத்தகத்துக்கு மட்டும் உரிய விஷயங்கள் அல்ல என்பதை 1997இல் கேம்பிரிட்ஜில் வெளியான ஒரு செய்தி நிரூபித்தது. பாகிஸ்தானிய வம்சத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி 86 கிலோவும், அவளுடைய உறவுமுறைச் சிறுவன் இரண்டே வயதில் 29 கிலோவும் எடை கொண்டிருந்தார்கள். பிறந்தபோது சாதாரண எடையோடு இருந்த அக்குழந்தைகள், சில மாதங்களிலேயே எவ்வளவு ஊட்டினாலும் அடங்காத பசிக்கு ஆளாயினர். ஸ்டீபன் ஓ'ராஹிலி, சதாஃப் ஃபரூக்கி முதலானோர் பரிசோதித்தபோது, மரபணுக் குறைபாட்டினால் அவர்களுடைய இரத்தத்தில் லெப்டின் அநேகமாக இல்லவே இல்லை என்பது தெரியவந்தது. அவ்வளவு கொழுப்பைச் சுமந்திருந்தும், அவர்களுடைய மூளை தான் பட்டினி கிடப்பதாகவே நம்பியிருந்தது. நாள்தோறும் லெப்டின் ஊசி ஏற்றத் தொடங்கியதும் சிறுமியின் பசி தணிந்தது. ஒரே வருஷத்தில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தாள். அதுவரை அவளைப் பெருந்தீனிக்காரி என்று ஏசியவர்கள், எந்த மனோதிடத்தை அவளிடம் எதிர்பார்த்தார்கள்?

சாதாரணமாக உடல் பருத்தவர்களுக்கு இந்த ஊசி பெரும்பாலும் உதவுவதில்லை. அவர்களிடம் லெப்டின் ஏராளமாக இருக்கிறது; மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. லெப்டின் மிகுவதைவிட அது குறைவதையே மூளை பெரும் அபாயமாகக் கொள்கிறது. பட்டினிக் காலத்தில் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதும், உடம்பு குளிர்ந்து சோர்வதும், லெப்டின் வீழ்ச்சியை அறிந்த மூளை அநாவசியச் செலவுகளையெல்லாம் நிறுத்திவிடுவதன் பயனே.

பட்டினியின் பின்னர்

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், அன்செல் கீஸ் என்பவர், யுத்தத்தில் சேர மறுத்த 36 இளைஞர்களை அவர்களுடைய சம்மதத்துடன் ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். உடல் எடையில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்த அவர்கள், தடை நீங்கிய பின்னர் வயிறு புடைக்க உண்டும் பசி ஆறாமல் தவித்தனர். தசை மீளுமுன்னே கொழுப்பு மீண்டது. முன்பிருந்த அளவையும் அது கடந்தது. 2011இல் மெல்போர்னைச் சேர்ந்த பிரியா சுமித்ரனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வோ, பத்து வாரக் கடும் பத்தியத்தால் சராசரி 13 கிலோவுக்கு மேல் இழந்தவர்களிடம், ஒரு வருஷம் சென்ற பிறகும் பசி ஹோமோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டியது.

இவற்றை வாசிக்கும் வன்னி மனிதர் எவருக்கும், 2008இன் பிற்பகுதி முதல் 2009 மே வரையான இறுதி யுத்த மாதங்கள் நினைவுக்கு வராமல் இரா. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஒவ்வோர் இடமாகப் பெயர்ந்து, ஒரு பிடி அரிசியை நிறைந்த நீரில் உப்போடு காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்று, பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பங்கீட்டு உணவு உண்ட சரீரங்கள் அவை. அமெரிக்க இளைஞருக்கு வாய்த்ததைப் போல அவர்களுக்கு ஒரு வைத்தியரின் காவலும் இல்லை, முடிவு தேதியும் இல்லை. அந்தச் சரீரம் மீண்டும் சோற்றைக் கண்டபோது, கிடைத்ததைச் சேமிக்க முயன்றதில் குற்றம் என்ன?

கருவிலிருந்து

1944-45 பனிக்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் பட்டினியுற்ற நெதர்லாந்தில், கர்ப்பத்தின் முற்பாதியில் தாய் பசித்திருக்கப் பிறந்த ஆண்பிள்ளைகள், பத்தொன்பது வயதில் பருமனடைவது மற்றவர்களைவிட அதிகம் என்று, மூன்று லட்சம் இளைஞரின் பதிவுகளைக் கொண்டு 1976இல் அறியப்பட்டது. பின்னர் 1998இல், கருவில் அப்பஞ்சத்தைக் கண்டவர்களுடைய உடம்பு நடுவயதில் சர்க்கரையைக் கையாளத் தடுமாறுவதும் வெளிவந்தது.

நமக்கு அதைவிட நெருங்கிய சாட்சி பூனாவில் இருக்கிறது. சித்தரஞ்சன் யாஜ்னிக் அங்கே ஆராய்ந்த கிராமத்துக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்டன் குழந்தைகளினது 3.5 கிலோ. தசையிலும் வயிற்றுறுப்புகளிலும் குன்றிய அவர்கள், தோலடிக் கொழுப்பில் மாத்திரம் அவ்வளவாகக் குன்றவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும் இச்சுபாவம் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. ஆதலால்தான் நம்மவருக்கு எடையைக் காட்டிலும் இடுப்பளவு முக்கியம்: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால், பார்வைக்கு மெலிந்தவரும் இரத்தத்தில் சீனியைப் பரிசோதித்தல் அவசியம்.

செய்யத்தக்கவை

இக்காலத்தில் பிரசித்தி பெற்ற செமாகுளுரைட் ஊசி, குடல் ஹோமோன் ஒன்றைப் போலவே வேலை செய்து பசியைத் தணிக்கிறது. ஆனால் நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி மீண்டுவிடுகிறது. கூலித் தொழிலாளிக்கு அதன் விலையும் எட்டாது. எட்டக்கூடியவை வேறு. பணிஸும் மூன்று கரண்டிச் சீனி போட்ட பிளேன்ரீயும் காலை ஆகாரமாகும் வழக்கத்தை விடுத்து, குரக்கன் பிட்டும் அவித்த பயறும் உண்டால், நார்ச்சத்தும் புரதமும் குடலின் நிறைவு ஹோமோன்களை நெடுநேரம் சுரக்கச் செய்யும். சோற்றுக்கு முன் கீரையையும் மீனையும் உண்பதும் அவ்விதமே. நித்திரை குன்றினாலும் பசி மிகும்: இரண்டு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் உறங்கிய இளைஞரிடம் லெப்டின் 18 வீதம் குறைந்து, கிரெலின் 28 வீதம் கூடியதாக 2004இல் சிக்காகோவில் கண்டார்கள். இரவிரவாக வயற்காவல் இருப்பவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் என் மனதை அதிகம் வருத்துவது, இறுதி யுத்தத்தின் அந்தப் பட்டினி மாதங்களில் கருவில் இருந்த பெண்பிள்ளைகளைப் பற்றிய கவலையே. அவர்கள் விரைவில் தாய்மாராவார்கள். கர்ப்பத்தில் சீனி உயர்ந்தால் பிறக்கும் சிசுவுக்கும் அதே சுமை தொடரக்கூடும். ஆகவே 24ஆவது வாரத்துக்கும் 28ஆவது வாரத்துக்கும் இடையில் குளுக்கோஸ் கரைசல் குடிக்கக் கொடுத்துச் செய்யும் இரத்தப் பரிசோதனையை எந்தக் காரணத்தினாலும் தவறவிடலாகாது என்று, வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரும், வீட்டில் இருக்கும் மாமியாரும் அவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.